ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்: 70% வாங்குவதா, 99% வாங்குவதா?

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எதற்கெல்லாம் பயன்படும், கடையில் 70%, 99% என்று இரண்டு விதமாக விற்கிறார்களே, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடை பாஷையில் இது 'ஐபிஏ'. மூன்று கார்பன், நடுக்கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH), மூலக்கூறு அவ்வளவுதான். ஹைட்ராக்சில் இருப்பதால் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும். கார்பன் பக்கம் பிசின், எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும்.

தண்ணீரில் விழுந்த போன் வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை 99% ஐபிஏ தொட்ட பிரஷ்ஷால் தேய்ப்போம். உள்ளே தங்கிய ஈரத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஆவியாகிவிடும். கொதிநிலை சுமார் 82 டிகிரி என்றாலும் சாதாரணக் காற்றிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். சால்டரிங் முடிந்ததும் ஒட்டியிருக்கும் பிளக்ஸும் (சால்டர் நன்றாகப் பிடிக்கப் பூசும் பிசின்) போய்விடும். இந்த வேலைக்கு 70% வாங்காதீர்கள். மீதி 30 தண்ணீர்தானே, நனைந்த போனை மறுபடி நனைத்த கதையாகிவிடும்.

கிருமி நீக்க வேண்டுமா, அப்போது கணக்கு தலைகீழ். கொரோனா சமயத்தில் 'சுத்தமானதுதானே நல்லது' என்று 99%-ஐக் கையில் தேய்த்தவன் நான். அது சட்டென்று பறந்துவிடும். கிருமியின் புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் கூட இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தந்த கைத்தேய்ப்புத் திரவச் செய்முறை ஒன்றில் ஐபிஏ 75%தான். அதில் கிளிசரினும் துளி ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. பெராக்சைடு கைக்காக அல்ல, பாட்டிலுக்குள் இருக்கக்கூடிய பாக்டீரிய வித்துகளை (தடித்த உறைக்குள் உறங்கும் பாக்டீரியாவை) ஒழிக்க. ஆல்கஹாலால் அவற்றைக் கொல்ல முடியாது.

குடித்தால் விஷம், உடம்புக்குள் அசிட்டோனாக மாறும். அக்ரிலிக் பிளாஸ்டிக்கை இதால் துடைக்காதீர்கள், மயிரிழை விரிசல் விழும். என் கடையின் பெயர்ப் பலகையே சாட்சி.

அப்புறம், நெருப்பு. சுமார் 12 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பிவிடும். நம் ஊர் மார்கழியும் அதைவிடச் சூடு (ஊட்டிக்காரர்கள் மன்னிக்கவும்). போர்டு காயும் முன்னே ஹாட் ஏர் கன்னைக் காட்டி ஒரு தடவை புருவத்தைப் பொசுக்கிக்கொண்டேன்.

99% வாங்கினால் மூடியை இறுக்கி வையுங்கள். திறந்து கிடந்தால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.