பெரிய தொடருக்குப் போகாத ஸ்டாக் கார் ஓட்டுநர் எப்படி ஜாம்பவான் ஆக முடியும்?

ஸ்டாக் கார், அதாவது சாதாரணக் காரின் வடிவை அடிப்படையாகக் கொண்ட பந்தய வண்டி, ஓட்டுபவர் வட்டாரப் பந்தயங்களிலேயே இருந்துவிட்டால் அது தோல்விதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ரிச்சி இவான்ஸைப் பாருங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் பண்ணை வீட்டுப் பையன். 16 வயதில் பண்ணையை விட்டு உள்ளூர் கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் ரோம் என்ற ஊரை மையமாக வைத்து அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் மாடிஃபைட் பிரிவில் ஓட்டினார். இந்த வண்டிகளின் முன்சக்கரங்கள் மூடியில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவருடையது ஆரஞ்சு நிறம், எண் 61.

அன்றைய பட்ட முறைதான் இங்கே முக்கியம். 1984 வரை பல ஊர்த் தடங்களில் சேர்த்த புள்ளிகளைக் கூட்டித்தான் சாம்பியனைத் தீர்மானித்தார்கள். அதனால் இன்று ஓர் ஊர், நாளை வேறு ஊர் என்று வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் கராஜில் பழுதும் பார்க்க வேண்டும். 1979இல் மட்டும் 60 பந்தயங்களில் ஓடி 37இல் வென்றார். எனக்கு இதுதான் அவருடைய உச்சம். மொத்தம் 9 பட்டங்கள்: 1973இல் ஒன்று, 1978 முதல் 1985 வரை தொடர்ந்து எட்டு.

கடைசிப் பட்டம் உறுதியான பிறகு, 1985 அக்டோபர் 24 அன்று, மார்ட்டின்ஸ்வில் தடத்தில் பயிற்சியின்போது சுவரில் மோதி இறந்தார். வயது 44. மாடிஃபைட் தொடரில் 61ஆம் எண்ணை அதன்பின் யாருக்கும் தரவில்லை. 2012இல் நாஸ்கார் புகழ் மன்றத்திலும் இடம் கிடைத்தது.