மூடியை அசைத்தால் வரும் கெமரா

மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியை கேட்கிறார்: “என் மடிக்கணினி 2018இல் வாங்கியது, விண்டோஸ் 10. மாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஸூம் வழியாகக் கணிதம் எடுக்கிறேன். ஒரு மாதமாகக் கெமரா இல்லை என்று சொல்கிறது. சில நாள் மூடித் திறந்தால் வருகிறது, பிறகு போய்விடுகிறது. டவுனில் கொடுத்து விண்டோஸை இரண்டு முறை புதிதாக ஏற்றியாயிற்று. கொழும்பில் இருக்கும் தம்பி டிரைவர் கோளாறு என்கிறான். என்ன செய்வது?”

டீச்சர், “மூடித் திறந்தால் வருகிறது” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். விண்டோஸ் ஏற்றியவரிடம் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் இரண்டாவது முறை காசு போயிருக்காது.

மடிக்கணினியின் கெமரா பெரும்பாலும் ஒரு யுஎஸ்பி சாதனம்தான். பென்டிரைவை வெளியே செருகுகிறோம்; இதை உள்ளேயே செருகி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். திரைக்கு மேலிருக்கும் கெமராவிலிருந்து தாய்ப்பலகை (மதர்போர்ட்) வரை மெல்லிய வயர் ஒன்று கீலுக்குள் வளைந்து இறங்குகிறது. நாளுக்கு நான்கு தடவை மூடியைத் திறந்தால் ஆறு வருடத்தில் எட்டாயிரம் தடவைக்கு மேல் அந்த வயர் மடங்கி நிமிர்ந்திருக்கும். டிரைவர் என்பது ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். இந்த வகைக் கெமராவுக்கு வேண்டிய பொது டிரைவர் விண்டோஸுடனேயே வருகிறது. அதனால்தான் தம்பியின் கட்சியில் நான் சேரவில்லை. கெமராவை யுஎஸ்பி வழியாக இல்லாமல் வேறு விதமாக இணைக்கும் அண்மைய மாதிரிகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு உற்பத்தியாளரின் டிரைவர் கட்டாயம் வேண்டும். 2018 மாதிரிக்குப் பெரும்பாலும் அந்தக் கவலை வேண்டாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: கெமரா விண்டோஸின் கண்ணில் படவேயில்லையா, பட்டும் தடுக்கப்பட்டிருக்கிறதா? விண்டோஸின் கெமரா செயலியைத் திறந்து பிழை இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்துகளைப் பாருங்கள். 4244 என்றால் கெமராவே காணோம் என்று பொருள். 4243 என்றால் கெமரா இருக்கிறது, வேறொரு செயலி அதைப் பிடித்து வைத்திருக்கிறது; அந்தச் செயலியை மூடுங்கள். அனுமதி இல்லாமல் தடுக்கப்பட்ட கெமரா என்றாலும் வேலை சுலபம்: அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய்க் கெமரா அனுமதியைத் திறந்துவிட்டால் போதும். வைரஸ் காப்பு மென்பொருளும் சிலவேளை கெமராவைப் பூட்டி வைக்கும்.

காணோம் என்று வந்தால் விசைப்பலகையையும் பக்கவாட்டையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். எச்பி, லெனோவோ போன்றவற்றின் சில மாதிரிகளில் கெமரா படம் போட்ட ஒரு விசையோ சிறிய ஆளியோ இருக்கும். அதை அணைத்தால் சில மாதிரிகளில் கெமரா விண்டோஸின் சாதனப் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். தூசு தட்டும்போது விரல் பட்டு அணைந்ததையெல்லாம் பழுது என்று தூக்கி வந்தவர்கள் உண்டு.

அடுத்தது கணினியை உண்மையிலேயே அணைப்பது. விண்டோஸ் 10இல் வழக்கம்போல் அணைத்தால் அது முழுதாக அணைவதில்லை. வேகமாக எழும்புவதற்காகப் பாதி நினைவை வைத்துக்கொண்டே தூங்குகிறது. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு இயக்குங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு காணாமற்போன கெமராக்கள் இதிலேயே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்களுக்கே உரிய பரிசோதனை. ஒலியைக் கூட்டி வையுங்கள். கணினியின் சாதனங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மெனேஜரைத் திறந்து, கெமரா என்ற தலைப்போ இமேஜிங் டிவைசஸ் என்ற தலைப்போ இருக்கிறதா பாருங்கள். பார்த்தபடியே மூடியை மெதுவாக, மிக மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் பென்டிரைவ் செருகும்போது கேட்கும் அதே “டிங்” ஒலி கேட்கும். பட்டியல் ஒருமுறை துடித்து, கெமராவின் பெயர் முளைக்கும். இன்னும் இரண்டு விரல் சாய்த்தால் ஒலி வந்து பெயர் மறையும். இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் டிரைவரைப் பற்றி எவரோடும் வாதாட வேண்டியதில்லை. மைக்கும் கூடவே போய்ப் போய் வருகிறதா என்றும் கவனியுங்கள். பல மாதிரிகளில் இரண்டுக்கும் வயர் ஒன்றுதான்.

கோணம் மாறியும் ஒன்றும் நடக்காவிட்டால், கெமராவின் இணைப்பி கழன்றிருக்கலாம் அல்லது ஈரத்தில் பச்சை பூத்திருக்கலாம். நம் பக்கம் தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் சுவரே வியர்க்கும்போது, இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், வைத்த கணினி மட்டும் தப்புமா? செம்புத் தொடுகைகளில் பச்சை படிவதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். சுத்தமான ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்தாலே சில எழுந்துவிடும். இதைச் செய்பவர் பற்றரி இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். ஈரம் போகட்டும் என்று மிலாறு விறகு எரியும் அடுப்பங்கரையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சூட்டைவிடப் புகையும் கரியும்தான் அதற்கு எமன்.

கடைக்குப் போகும்போது “கெமரா வேலை செய்யவில்லை” என்று சொல்லாதீர்கள். “மூடியை அசைத்தால் வந்து போகிறது, கீல் வயரைப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். பல மாதிரிகளில் கெமரா வயரும் திரை வயரும் ஒரே கட்டு. மாற்றினால் முழுவதையும் மாற்ற வேண்டும். அந்த வயரிலேயே அச்சடித்திருக்கும் பாக இலக்கத்தைப் பார்த்து வரவழைத்தால்தான் பொருந்தும். வேலை முடிந்ததும் பழைய வயரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பழைய கணினிக்கு, என் கணக்கில், வெளியே செருகும் சாதாரண யுஎஸ்பி கெமரா ஒன்றே லாபம். செருகியவுடன் வேலை செய்யும், அடுத்த கணினிக்கும் உதவும். வாங்கினால், டிவைஸ் மெனேஜரில் பழைய கெமரா தலைகாட்டும் நேரம் பார்த்து அதை முடக்கிவிட்டு, ஸூம் அமைப்பில் புதியதைத் தெரிவு செய்து வையுங்கள். இல்லாவிட்டால் பாடத்தின் நடுவில் பழையது உயிர்பெற்று, ஸூம் அதன் பக்கம் தாவி, பிள்ளைகள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.