250 ரூபாய்க்கு வாங்கிய முகம்

கேள்வி: எனக்கு 20 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா விசைப்படகில் போகிறவர். போன மாதம் ராமேசுவரம் கோயில் பக்கம் ஒரு கடையில் 250 ரூபாய்க்குக் கறுப்பு டி-ஷர்ட் வாங்கினேன். நட்சத்திரம் வைத்த தொப்பி, தாடி, நீள முடி என்று படம் கெத்தாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனபோது, நண்பனின் தாத்தா "யாரு பேராண்டி இது?" என்று கேட்டார். அவர் அந்தக் காலத்தில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டுப் பாடகர் என்று சொல்லிவிட்டேன். கடையே சிரித்தது. அன்றிலிருந்து நண்பர்கள் என்னைப் "பாடகரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பாவோ, "யாருன்னே தெரியாத ஆளை நெஞ்சுல சுமந்துக்கிட்டுத் திரியாத, எரிச்சுப் போடு" என்கிறார். பிடித்த படத்தைப் போட்டுக்கொள்ள ஒருவன் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டுமா?
— பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்:

தம்பி, பரீட்சையெல்லாம் வேண்டாம். படம் போட்ட பனியனுக்கு ஹால் டிக்கெட் கேட்டால் நம் மாவட்டத்தில் பாதிப் பேர் வெற்றுடம்போடுதான் திரிய வேண்டியிருக்கும்.

நீங்கள் அதைப் போட்டதில் எனக்குக் குறை தெரியவில்லை. "தெரியாது தாத்தா, நீங்களே சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டீக்கடையில் கதை வேறு மாதிரி போயிருக்கும். பாடகர் என்று அடித்துவிட்டீர்கள் பாருங்கள், சறுக்கியது அங்கேதான். அந்தக் கடையில் பக்கத்துக் கொக்கியிலேயே பாப் மார்லி பனியனும் தொங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் ஜமைக்காக்காரர். உங்கள் பனியன்காரர் சண்டை போட்டது கியூபாவில். இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். ஆக, திசை தவறினாலும் ரொம்ப தூரம் போய்விடவில்லை.

தாத்தா மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கேள்வி கேட்டவர் சிரிப்போடு நிறுத்தாமல் பதிலையும் சொல்லியிருக்க வேண்டாமா? விஷயம் தெரிந்த பெரியவர்கள் இப்படிச் சிரித்தே பாதிப் பிள்ளைகளை விரட்டிவிடுகிறார்கள்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தலைவர்களின் நினைவு நாளும் குருபூஜையும் வரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் எந்தத் தலைவர் படம் போட்ட பனியனோடு எந்த ஊர் வழியாகப் போகலாம், எந்த ஊர் வழியாகப் போகக்கூடாது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? நம் மாவட்டத்தில் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். அந்த மாதங்களில் பைக்கை நிறுத்தும் போலீஸ்காரர் முதலில் பார்ப்பது நம்பர் பிளேட்டை, அடுத்தது பனியனை. நெஞ்சில் இருக்கும் முகம் நாம் வாயைத் திறக்கும் முன்பே பேசிவிடும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. அப்படியிருக்க, இந்த முகம் மட்டும் எதுவும் பேசாது என்று எப்படி நினைத்தீர்கள்? தூரத்து ஆள், நம் ஊர்ச் சண்டை எதிலும் இல்லாதவர், அதனால் வெறும் படம் என்று நினைத்துவிட்டீர்கள். ஆனால் தாத்தாவுக்கு அவர் தூரத்து ஆள் இல்லை. சங்கத்தில் இருந்தவர் காதில் அது பேசியது.

அவர் பெயர் எர்னஸ்டோ குவேரா. அர்ஜென்டினாவில் பிறந்தவர், டாக்டருக்குப் படித்தவர், சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாக்காரர். "சே" என்பது அவர் ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்லும் வார்த்தை, நம்முடைய "ஏப்பா" மாதிரி. சக போராளிகள் அதையே பட்டப்பெயராக்கிவிட்டார்கள். கியூபாவில் பிடல் காஸ்ட்ரோவோடு சேர்ந்து சர்வாதிகாரி பாடிஸ்டாவின் ஆட்சியைக் கவிழ்த்தார், அங்கே மத்திய வங்கித் தலைவரானார், மந்திரியானார். 1959 ஜூலையில் டெல்லிக்கு வந்து நேருவைச் சந்தித்திருக்கிறார். அப்புறம் பதவியை விட்டுவிட்டு காங்கோவுக்குப் போனார், தோற்றார். பொலிவியாவுக்குப் போனார், பிடிபட்டார். 1967 அக்டோபர் 9 அன்று ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட அறையில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39.

இனி உங்களுக்குக் கெத்தாகத் தெரிந்த அந்தப் படத்துக்கு வருகிறேன். 1960 மார்ச் 4 அன்று ஹவானா துறைமுகத்தில் ஆயுதம் ஏற்றி வந்த 'லா கூப்ரே' என்ற பிரெஞ்சுக் கப்பல் வெடித்துச் சிதறியது. ஏராளமானோர் செத்தார்கள். மறுநாள் அவர்களுக்கு இரங்கல் கூட்டம். மேடையில் பின்னால் இருந்த சே, சில நொடிகள் முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். பத்திரிகைப் புகைப்படக்காரர் அல்பெர்த்தோ கோர்தா அந்த நேரத்தில் எடுத்தது இரண்டே படம். நீங்கள் கெத்து என்று எழுதியிருக்கிறீர்களே, அது இழவு வீட்டில் நிற்கிறவரின் பார்வை. கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீட்டு வாசலில் வாயடைத்து நிற்கும் ஆண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பனியனை விரித்து வைத்து இன்னொரு முறை பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கோர்தாவின் பத்திரிகை அந்தக் கூட்டச் செய்தியோடு இந்தப் படத்தைப் போடவில்லை. ஓரத்தில் தெரிந்த மர ஓலையையும் இன்னொருவரின் பக்கவாட்டு முகத்தையும் வெட்டிவிட்டு, தன் இடத்தில் சுவரில் மாட்டிக்கொண்டார். ஏழு வருடம் வெளியுலகில் பெரிதாக யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 1967இல் ஃபெல்ட்ரினெல்லி என்ற இத்தாலியப் பதிப்பாளர் பிரதி வாங்கிப் போனார். அந்த வருடமே சே கொல்லப்பட, போஸ்டர் பறந்தது. 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அயர்லாந்து ஓவியர் அதைச் சிவப்பும் கறுப்புமாக வரைந்தார். உங்கள் பனியனில் இருப்பது அநேகமாக அந்த ஓவியத்தின் பேரனோ கொள்ளுப்பேரனோதான். படம் எடுத்தவருக்குக் காசு வரவில்லை, அவரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் 2000இல் ஒரு வோட்கா விளம்பரத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் கோர்ட்டுக்குப் போய்விட்டார். சமரசத்தில் கிடைத்த 50,000 டாலரை கியூபாவின் மருத்துவச் செலவுக்குக் கொடுத்துவிட்டார். பனியனைப் பொறுத்துக்கொண்ட மனிதருக்குப் பாட்டிலைப் பொறுக்க முடியவில்லை.

(இதை எழுதும்போது சித்திரங்குடி மயிலப்பன் நினைவுக்கு வருகிறார். 1799இல் முதுகுளத்தூர்ப் பக்கம் கம்பெனிக்காரர்களை எதிர்த்துக் கிளம்பியவர், 1802இல் அபிராமத்தில் தூக்கிலிடப்பட்டவர். அப்போது காமிராவே இல்லை, முகம் தெரியாமல் போய்விட்டது. முகம் இல்லாதவரை யார் பனியனில் போடுவார்கள்? உடனே "சேயைக் கழற்றிவிட்டு மயிலப்பனைப் போடு" என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அதே தப்பை உள்ளூர்ச் சரக்கில் செய்வது.)

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புரட்சி ஜெயித்ததும் 1959இல் ஹவானாவின் லா கபானா கோட்டை சேயின் பொறுப்பில் இருந்தது. பழைய ஆட்சியின் ஆட்கள் பலர் அங்கே அவசர விசாரணைக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரர்களுக்குத் தண்டனை என்பார்கள் சேயின் ஆட்கள். கியூபாவை விட்டு ஓடிப்போன குடும்பங்களிடம் கேட்டால், உங்கள் பனியனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தாத்தா ஒரு சேயைச் சொல்வார், அவர்கள் வேறொரு சேயைச் சொல்வார்கள். இரண்டையும் கேட்டபின் உங்களுக்கே அந்தப் பனியனைப் போடப் பிடிக்காமல் போகலாம். அப்படிப் போனாலும் எனக்குச் சம்மதம்தான். தெரிந்து கழற்றுவதும் ஒரு கணக்குத்தானே.

நான் ஏதோ பிறக்கும்போதே எல்லாம் படித்துவிட்டு வந்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரிக் காலத்தில் என் சைக்கிள் மட்கார்டில் பகத் சிங் ஸ்டிக்கர் இருந்தது. தொப்பி, முறுக்கு மீசை, அந்த வயதில் எனக்கு ஒரு மயக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்குச் சைக்கிளைத் துடைத்து, ஹேண்டில்பாருக்குப் பொட்டு வைத்த கையோடு பகத் சிங் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டில் அதைப் பார்த்த எங்கள் தமிழாசிரியர் சிரிக்கவில்லை. "இந்தத் தொப்பியை எதுக்கும்மா போட்டிருக்கார்?" என்று மட்டும் கேட்டார். "அப்ப அது ஃபேஷன் சார்" என்றேன். நீங்கள் சொன்ன பாடகருக்கும் என் ஃபேஷனுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

போலீஸ் கண்ணில் படாமல் திரிவதற்காகப் போட்ட தொப்பி அது. 1929 ஏப்ரலில் சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சில நாள் முன்னால் டெல்லியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். இரண்டு நாள் கழித்து ஆசிரியர் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கையில் கொடுத்தார். 'நான் நாத்திகன் ஏன்?' சிறையில் உட்கார்ந்து பகத் சிங் எழுதியது. தமிழில் பெயர்த்தவர் நம் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, அந்தக் குற்றத்துக்காகவே அவரை வெள்ளைக்காரன் பிடித்து உள்ளே போட்டான். சாவு பக்கத்தில் நிற்கும்போதும் கடவுளைக் கூப்பிட மாட்டேன் என்று எழுதியவன் நெற்றியில்தான் நான் குங்குமம் வைத்திருந்தேன். தூக்கில் போடும்போது அவனுக்கு வயது 23, உங்களைவிட மூன்று வயது மூத்தவன். அன்று சாயங்காலம் ஈரத்துணியால் குங்குமத்தை மட்டும் துடைத்தேன். ஸ்டிக்கர் சைக்கிள் விற்கும்வரை இருந்தது.

எனவே தாத்தாவிடம் திரும்பிப் போங்கள். டீக்கடைக்கு வேண்டாம், அங்கே ஆள் பார்க்க அவரும் நடிப்பார், நீங்களும் நடிப்பீர்கள். வீட்டுக்குப் போங்கள். அதே பனியனைப் போட்டுக்கொண்டே போங்கள். "அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேன் தாத்தா, இவரைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அவர் சேயைப் பற்றிச் சொல்வது கொஞ்சமாகவும், தன் சங்கத்தைப் பற்றிச் சொல்வது நிறையவும் இருக்கும். உட்கார்ந்து கேளுங்கள். பிறந்த தேதி கேட்டு மடக்கினால் 1928 ஜூன் 14. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நாள், உங்கள் வீட்டில் அந்தத் தேதியை யாரும் மறக்க முடியாது.

"பாடகரே" பட்டப்பெயருக்கு என்னிடம் மருந்து இல்லை. அடுத்து ஒருவன் மாட்டும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். எரிக்க வேண்டாம், பாலியஸ்டர் கலந்த துணி நாறும். யாரென்றே தெரியாத ஆள் என்றுதானே அவர் சொல்கிறார், தெரியப்படுத்துங்கள். ஆனால் புரட்சி, ஏகாதிபத்தியம் என்று ஆரம்பித்தால் எழுந்து வலை பார்க்கப் போய்விடுவார். படகிலிருந்து ஆரம்பியுங்கள்.

'கிரான்மா' என்று ஒரு பழைய உல்லாசப் படகு. ஏறக்குறைய 60 அடி நீளம், பன்னிரண்டு பேர் போவதற்காகக் கட்டியது. 1956 நவம்பர் 25 அன்று மெக்சிகோவிலிருந்து இருட்டோடு இருட்டாக அதில் ஏறியவர்கள் 82 பேர், துப்பாக்கி, டீசல் எல்லாம் தனி. காற்று மோசமாக இருந்ததால் யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். நம்மூர் என்றால் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பார்கள். கடலுக்குப் பழகாத ஆட்கள், வாந்தி. படகில் டாக்டராகப் போனவர் சே. குமட்டலுக்கு மாத்திரை தேடினார்கள், கிடைக்கவில்லை. படகுக்குள் தண்ணீர் வேறு ஏறியது, வாளியால் இறைத்தார்கள். கரை சேரும் முந்தின ராத்திரி, லைட் ஹவுஸ் தெரிகிறதா என்று மேலே ஏறிப் பார்த்த ஒருவர் கடலில் விழுந்துவிட்டார். டீசல் தீரப்போகிற நேரம், பொழுது விடிந்தால் எதிரி விமானம் வரும். படகைத் திருப்பி, இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடித் தூக்கினார்கள். கடைசியில் டிசம்பர் 2 அன்று, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், காரங்காட்டில் இருப்பது மாதிரியான அலையாத்திக் காட்டுச் சேற்றில் படகு தரை தட்டி நின்றது. மூன்றாம் நாள் ராணுவம் சுற்றி வளைத்துச் சுட்டபோது, சேயின் காலடியில் ஒரு மருந்துப் பெட்டி, ஒரு தோட்டாப் பெட்டி. இரண்டையும் தூக்க முடியாது. டாக்டர் தூக்கியது தோட்டாப் பெட்டியை.

இதில் எந்த இடத்தில் அப்பா குறுக்கே பேசுவார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. விழுந்த ஆளைத் தேடத் திரும்பிய இடத்தில் பேச மாட்டார், அது அவருக்குத் தெரிந்த விஷயம். 82 பேர் என்றதும் பேசுவார். அப்போது விடாமல் கேளுங்கள்: அறுபதடிப் படகு, கூண்டு ஏறின கடல், ஏழு நாள் ஓட்டம், நீங்களாக இருந்தால் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? அவர் சொல்லும் எண்ணிக்கையை ஒரு கார்டில் எழுதி எனக்குப் போடுங்கள்.