வாசகர் கேள்வி: தகுதியில்லாதவர் திருவிருந்துக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம். அப்பா இறந்தபின் பாகப்பிரிவினையில் எனக்கும் அண்ணனுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. இருவரும் ஒரே ஆலயத்துக்குத்தான் போகிறோம். திருவிருந்து ஆராதனையில் “அபாத்திரமாய்ப்” (தகுதியற்ற விதமாய்) புசிக்கிறவன் குற்றமுள்ளவன் என்ற வசனம் நினைவுக்கு வந்து, எழுந்து போகாமல் பெஞ்சிலேயே இருந்துவிடுகிறேன். “எத்தனை நாளைக்கு இப்படிப் பட்டினி கிடப்பாய்?” என்று அம்மா கேட்கிறார். நான் செய்வது சரியா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாசரேத்)

பதில்: உங்கள் அம்மா போகிற போக்கில்தான் “பட்டினி” என்று சொல்லியிருப்பார். ஆனால் இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து எதற்காக இருக்கிறது என்பதை அந்த ஒரு சொல் சரியாகப் பிடித்துவிடுகிறது. அது நல்லவர்களுக்கு வழங்கப்படும் பரிசன்று, பசித்தவர்களுக்கு இடப்படும் சாப்பாடு. இயேசு தம் சீஷரோடு உண்ட அந்த முதல் இராப்போஜனத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள். விடிவதற்குள் இயேசுவை மூன்று முறை மறுதலிக்கப்போகிற பேதுரு அங்கே இருந்தார். லூக்கா சொல்லும் வரிசைப்படி, பாத்திரம் வழங்கப்பட்ட பிறகும் அவரைக் காட்டிக்கொடுக்கிற யூதாசின் கை அதே பந்தியில்தான் இருந்தது.

உங்களைத் தடுக்கும் வசனம் அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 11-ம் அதிகாரத்தில் வருகிறது. அதைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் பயமுறுத்தும்; 17-ம் வசனத்திலிருந்து வாசித்தால் வேறு காட்சி தெரியும். கொரிந்து சபையார் வீடுகளில் கூடி, ஒன்றாகச் சாப்பிட்டு, அதனோடு கர்த்தருடைய பந்தியையும் ஆசரித்தார்கள். வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திச் சாப்பிட்டுக் குடித்து முடிக்க, இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்று பவுல் கோபப்படுவது இதைக் கண்டுதான். ஆகவே “அபாத்திரமாய்” என்பது புசிக்கிற ஆள் எவ்வளவு பரிசுத்தவான் என்பதைக் காட்டிலும், அவன் புசிக்கிற விதத்தைக் குறிக்கும் சொல். பக்கத்தில் இருக்கிறவனை இல்லாதவன்போல் நடத்திவிட்டு அப்பத்தை வாயில் போடுவதே அந்த விதம். பவுல் கடைசியில் சொல்லும் பரிகாரமும் அதற்கேற்றதாகவே இருக்கிறது: “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.”

இதில் நம் மொழியின் விளையாட்டு ஒன்றும் உண்டு. தமிழில் பாத்திரம் என்றால் கிண்ணம். பாத்திரன் என்றால் தகுதியுள்ளவன். பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு சொற்களும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருவதால், தகுதியைச் சம்பாதித்துக்கொண்டுதான் கிண்ணத்தைத் தொட வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் தானாகவே ஊறிவிட்டதோ என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. உண்மையில் எந்த வழிபாட்டு முறையும் அப்படிக் கேட்பதில்லை. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை (திருவிருந்தை அவர்கள் அழைக்கும் பெயர்) வாங்குவதற்குச் சற்று முன், சபையார் அனைவரும் தன் வேலைக்காரனைச் சுகப்படுத்தும்படி இயேசுவிடம் வேண்டிய ரோமப் படைத்தலைவனாகிய நூற்றுக்கு அதிபதியின் வார்த்தைகளைத் தழுவி, “நான் தகுதியற்றவன்” என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு விலகிப் போவதில்லை, முன்னால் வருகிறார்கள். “தன்னைத்தானே சோதித்தறிந்து” என்று தொடங்கும் பவுலின் வாக்கியமும் “விலகியிருக்கக்கடவன்” என்று முடியவில்லை. புசித்துப் பானம்பண்ணும்படிதான் சொல்கிறது.

அதற்காக உங்கள் உறுத்தல் வீண் என்று சொல்லமாட்டேன். ஆதிச்சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் மிகப் பழைய நூலான ‘திதாக்கே’, தன் தோழனோடு பிணக்குள்ளவன் ஒப்புரவாகும்வரை கூட்டத்தில் சேர வேண்டாம் என்கிறது. அதில் முக்கியமான சொல் “வரை”. ஒரு மாதம் விலகியிருந்து, அந்த மாதத்துக்குள் அண்ணன் வீட்டுப் படியேறுகிறவர் அந்த ஒழுங்கைக் கைக்கொள்கிறார். இரண்டு வருடம் பெஞ்சிலேயே இருப்பது ஒழுங்கன்று. மன்னியுங்கள், அது ரோஷம் பக்தியின் வேடம் போட்டுக்கொள்வது. மத்தேயு 5-ம் அதிகாரத்தில் இயேசு சொல்வதையும் நிதானமாக வாசியுங்கள். உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். நியாயம் யார் பக்கம் என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

உங்கள் சபையின் ஆராதனையிலேயே இதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950-ல் வெளிவந்த அதன் திருவிருந்து முறைமை, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்தைப் பின்பற்றி, சமாதானம் வழங்குவதை ஆராதனைக்குள் கொண்டுவந்தது. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க, இருவரும் தத்தம் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடிக்கொள்கிறார்கள். கைக்குள் கை அடங்கியிருக்கும் அந்த இரண்டு விநாடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வது எளிதன்று. அப்பமும் ரசமும் அதற்குப் பிறகுதான். பாகப்பிரிவினை வழக்கு தீர வருடங்கள் ஆகலாம், அது தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள் அண்ணனைப் போய்ப் பாருங்கள். அவர் பேச மறுத்தால், உங்கள் பங்கை நீங்கள் செய்துவிட்டீர்கள். மறுநாள் எழுந்து போய் முழங்கால்படியிடுங்கள். அண்ணன் வீட்டுக்கு அம்மாவையும் உடன் அழைத்துப் போனால் பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம்.

கேள்வி: நான் இந்து. கத்தோலிக்கத் தோழியின் திருமணத் திருப்பலியில் எல்லோரும் வரிசையில் போனதைப் பார்த்து நானும் எழுந்தேன். தோழியின் அத்தை மெதுவாகக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். எங்கள் கோயிலில் யார் வந்தாலும் பிரசாதம் கொடுப்போமே, இங்கு ஏன் இந்தத் தடை?
(வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்கள் அழைத்தவர்கள். ஆனால் பிரசாதம் இறைவனுக்குப் படைத்ததை எல்லோருக்கும் பகிர்வது. நற்கருணை ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதைப் போன்றது. குருவானவர் “கிறிஸ்துவின் திருவுடல்” என்று சொல்லி அப்பத்தை நீட்டும்போது, பெறுபவர் “ஆமென்” என்கிறார். இதை நம்புகிறேன், இந்த உடலில் நானும் ஓர் உறுப்பு என்பது அதன் பொருள். நம்பாத ஒருவரின் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைப்பது அவருக்கே மரியாதையன்று. கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளும் மறைக்கல்வி கற்றுப் புதுநன்மை வாங்கும்வரை காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

அந்த அப்பத்தில் என்ன நிகழ்கிறது என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. அப்பத்தின் உட்பொருளே கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்பது கத்தோலிக்கப் போதனை. 1215-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், உட்பொருள் மாற்றம் என்று பொருள்படும் சொல்லை அதற்குக் கையாண்டது. 1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் இதைப் பற்றி வாதிட்டபோது, “இது என் சரீரம்” என்ற வார்த்தைகளை லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். சுவிங்கிலிக்கு அது நினைவுகூருதலின் அடையாளம். ஆனால் அந்த “நினைவுகூருதல்” பழைய புகைப்படத்தைப் பார்ப்பது போன்றதன்று. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் பஸ்கா இரவில் யூதர்கள் எகிப்திலிருந்து “நாங்கள்” விடுவிக்கப்பட்டோம் என்று தன்மையில்தான் சொல்கிறார்கள். அந்தப் பந்தியில் பிறந்த வழிபாடு இது.

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் ஒரே பாத்திரத்துக்குப் பதிலாகத் தனித்தனிச் சிறு கிண்ணங்கள் வந்துவிட்டன. இதனால் திருவிருந்தின் பொருள் குறைகிறதா?
(வாசகர், மதுரை)

பதில்: குறையாது. ஆனாலும் எனக்கு ஒரே பாத்திரத்தின் மேல்தான் பிரியம், அதற்குக் காரணம் நம் ஊர் வரலாறு. கர்த்தருடைய பந்திக்கு யார் முன்னால் வருவது, யார் பின்னால் வருவது என்பதைச் சாதி தீர்மானித்த காலம் இங்கே இருந்தது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகவும் அறுதியாகவும் விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினார்கள். கத்தோலிக்கர் பக்கத்தில், வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. ஒருவர் உதடு பட்ட விளிம்பில் அடுத்தவர் உதடு படுவது இந்த மண்ணில் சும்மா கிடைத்த உரிமையன்று.

நோய்ப் பயம் உள்ளவர்களை அதற்காக வற்புறுத்தக் கூடாது. கிண்ணங்கள் பலவானாலும், பிட்கப்படும் அப்பமாவது ஒன்றாக இருக்கும்படி உங்கள் குருவானவரிடம் கேட்டுப் பாருங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம். அவருக்கும் திருவிருந்து முழுமையாகவே கிடைத்திருக்கிறது.