எந்த வழக்குக்கு எந்த வக்கீல் அலுவலகம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதுரையில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் இணையதளத்தில் சிவில், கிரிமினல், குடும்பநலம், வரி, தொழிலாளர், வங்கி என்று பன்னிரண்டு துறைகள் போட்டிருக்கிறார்கள். உண்மையில் எதில் பலம் என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பட்டியலுக்கு உள்ள மதிப்பு, "இந்த வழக்குகளை எடுக்கிறோம்" என்ற அளவுதான். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி 36-இன்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது. பெயர்ப்பலகையில் "இன்ன துறையில் நிபுணர்" என்று எழுதவும் தடை இருக்கிறது. 2008-இல் வந்த திருத்தம், இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எடுக்கும் துறைகள் ஆகியவற்றை மட்டும் போட அனுமதித்தது. அந்தப் பட்டியலை வைத்து யாரையும் எடைபோட முடியாது. கோர்ட் பதிவுகளை வைத்து எடைபோடலாம்.

முதலில் வக்கீலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் எம்.எஸ்., ஒரு எண், பதிவு செய்த ஆண்டு என்ற வடிவில் இருக்கும். கோர்ட் வழக்கு விவரங்களைத் தரும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுத்தால் வக்கீல் வாரியாகத் தேடும் வசதி இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் இனிஷியல், புள்ளி, இடைவெளி மாறினாலே பாதி வழக்குகள் விட்டுப்போகும். பதிவு எண்ணைப் போட்டால் பட்டியல் சரியாக வரும். கிடைக்கும் பட்டியலில் வழக்கின் வகையைப் பாருங்கள். ஓ.எஸ். என்றால் சிவில் வழக்கு, எம்.சி.ஓ.பி. என்றால் விபத்து இழப்பீடு. எந்த வகை அதிகம் என்பதிலேயே பாதி விடை வந்துவிடும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்குகளுக்கு உயர் நீதிமன்றத் தளத்தில் தனியாகத் தேட வேண்டும். கிளையின் வழக்கு எண்களில் எம்.டி. என்ற அடையாளம் இருக்கும்.

அடுத்து, முடிந்த வழக்குகளைத் திறந்து எப்படி முடிந்தன என்ற வரியைப் படியுங்கள். இரு தரப்பும் வாதாடித் தீர்ப்பானதா, சமரசமா, அல்லது ஆஜராகாமல் தள்ளுபடியா என்று அதில் இருக்கும். ஆஜராகாமல் தள்ளுபடியானவை இரண்டு மூன்று எல்லா அலுவலகத்திலும் இருக்கும். கட்சிக்காரரே வழக்கைக் கைவிட்டிருப்பார். ஒரே வருடத்தில் வரிசையாக இருந்தால், வாய்தா அன்று கூப்பிடும்போது எழுந்து நிற்க அங்கே ஆள் போதவில்லை என்று பொருள். இதை நாங்கள் மிகப் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வோம். வெற்றி தோல்விக் கணக்கு அந்த அளவுக்கு உதவாது. பலவீனமான வழக்கை நேர்மையாக நடத்தித் தோற்ற வக்கீல் மோசமானவர் இல்லை.

கடைசியாக, மேல் கோர்ட் தீர்ப்புகளின் முதல் பக்கத்தில் வாதாடியவர் யார் என்று பெயர் இருக்கும். அலுவலகத்தின் பெயர் பெரியவருடையதாக இருந்து, தீர்ப்புகளில் எல்லாம் ஒரு ஜூனியரின் பெயர் வருகிறது என்றால், அந்த ஜூனியர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அலுவலகத்தின் பலம் பல சமயம் ஒரே ஒருவரின் பலம்தான். அவர் விலகினால் அந்தத் துறையும் அவருடனே போய்விடும்.

இணையத்தில் ஐந்து நட்சத்திரம், "சிறந்த சட்ட நிறுவனம்" விருது என்றெல்லாம் பார்க்கிறோம். நம்பலாமா?

நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். வக்கீல்களுக்கு மதிப்பெண் போட்டு ஆள் பிடித்துத் தரும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சட்டத் தொழிலைச் சரக்கு விற்பதுபோல் நடத்தக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

சர்வதேசத் தரவரிசைகள் வேறு வகை. அங்கே நிறுவனமே தன் முக்கிய வேலைகளை எழுதி அனுப்பும், கட்சிக்காரர்களிடம் ஆய்வாளர்கள் கருத்துக் கேட்பார்கள். அதில் இடம் கிடைத்திருந்தால் கொஞ்சம் அர்த்தம் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கம்பெனி, வங்கி, வரி வேலைகளை அளப்பவை. திண்டுக்கல் சப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கை அருமையாக நடத்தும் அலுவலகம் அந்தப் பட்டியல் பக்கமே போயிருக்காது. பணம் கட்டினால் கிடைக்கும் விருதுகளும் ஏராளம். யார் கொடுத்தது, எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

வீட்டுக்கடனுக்காக வங்கி தன் வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கிவிட்டது. நாங்கள் தனியாக வேறு வாங்க வேண்டுமா? சொத்து வேலையில் கைதேர்ந்த அலுவலகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாங்குங்கள். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் கடனுக்கு அடமானம் செல்லுமா என்பதை. உங்கள் கவலை அதைவிடப் பெரியது: நாளைக்கு ஒரு பங்காளி கேஸ் போட்டால் நிற்குமா, வேலி எங்கே, வழி யாருடையது.

நல்ல சொத்து வக்கீலை அவர் கேட்கும் காகிதங்களை வைத்தே அடையாளம் காணலாம். விற்பவரின் பத்திரத்தையும் பதின்மூன்று வருட வில்லங்கத்தையும் மட்டும் பார்த்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பவர் வேண்டாம். குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரங்கள் வரிசையாக, பட்டா, எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடம், இறந்தவர்கள் இருந்தால் வாரிசுச் சான்று, பவர் பத்திரம் இருந்தால் பவர் கொடுத்தவர் விற்ற அன்று உயிரோடு இருந்ததற்கான சான்று, இத்தனையும் கேட்பவரிடம் போங்கள்.

வில்லங்கத்தில் எங்கே தவறு வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், புதிய அலுவலகத்தில் மட்டும் தேடினால் பழைய பதிவுகள் வராது. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணியில் சர்வே எண்கள் மாறிய இடங்களில் பழைய எண்ணையும் போட்டுத் தேட வேண்டும். உட்பிரிவு ஆன நிலத்தில் 112/3பி என்று மட்டும் தேடினால், அது 112/3 ஆக இருந்த காலத்துப் பத்திரம் விட்டுப்போகலாம். பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகமும் எந்த வில்லங்கத்திலும் தெரியாது. கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கும் அப்படித்தான். அதனால் விற்பவரின் பெயரைப் போட்டு அந்த வட்டாரக் கோர்ட்டுகளில் ஈ-கோர்ட்ஸில் ஒரு தேடல் அவசியம்.

பரம்பரைச் சொத்து என்றால் ஒரே ஒரு சோதனைக் கேள்வி கேளுங்கள்: "பெண் பிள்ளைகளின் பங்கைப் பார்த்தீர்களா?" தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-இல் மணமாகாதிருந்த மகள்களுக்கு மாநிலச் சட்டம் அப்போதே பங்கு கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களையும் சேர்த்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்த விற்பனைக்கும் பாகத்துக்கும் 2005 சட்டத்தால் பாதிப்பில்லை. இந்த மூன்று தேதிகளையும் உங்கள் பத்திரத்தோடு பொருத்திச் சொல்லத் தெரிந்தவரிடம் கொடுத்தால் நிம்மதி.

நெல்லை முன்சீப் கோர்ட்டில் நில வழக்கில் தோற்றுவிட்டோம். நேரே மதுரையில் ஹைகோர்ட் அலுவலகம் ஒன்றைப் பிடிக்கலாமா?

முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் முதல் மேல்முறையீடு சப் கோர்ட்டுக்குத்தான் போகும். கெடு 30 நாள். ஹைகோர்ட் அதற்கு அடுத்த படி. 2004 ஜூலை 24 முதல் உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளைதான் அந்த இடம். அங்கே கெடு 90 நாள்.

பலரும் சப் கோர்ட்டைப் பெயருக்குக் கடந்து, முழு பலத்தையும் மதுரைக்கு என்று ஒதுக்கி வைக்கிறார்கள். இது பெரிய தவறு. சாட்சியம், ஆவணம், அனுபோகம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கும் கடைசி இடம் முதல் மேல்முறையீடுதான். இரண்டாம் மேல்முறையீட்டில் கணிசமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். ஆகவே செலவு செய்வதானால் சப் கோர்ட்டில் செய்யுங்கள், சாட்சியத்தை வரிவரியாகப் படிக்கும் உள்ளூர் சிவில் வக்கீலை வைத்து.

தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள். நகலின் பின்பக்கத்தில் மனு போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் இருக்கும். நகலுக்குத் தேவைப்பட்ட நாட்கள் கெடுவில் சேராது. தாள் கேட்டும் நீங்கள் கொடுக்காத நாட்களும், நகல் தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்களும் உங்கள் கணக்கில்தான் ஏறும். இன்னொன்று: மேல்முறையீடு போட்டதாலேயே நிறைவேற்றம் நிற்காது. தடை மனு தனியே போட வேண்டும்.

சாலை விபத்தில் அண்ணன் இறந்துவிட்டார். "முன்பணம் வேண்டாம், வருவதில் சதவீதம் கொடுங்கள்" என்று ஒரு வக்கீல் அலுவலகம் ஆள் அனுப்பியது. சரியா?

இரண்டுமே தவறு. ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பது விதி 36-க்கு விரோதம். முடிவைப் பொறுத்துச் சதவீதம் பேசுவது விதி 20-க்கு விரோதம். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

விபத்து வழக்கில் தேர்ந்தவரா என்று பார்க்க, தோராயக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உதாரணமாக வயது 38, சுயதொழில், மாத வருமானம் 15,000, நம்பியிருப்பவர்கள் நாலு பேர். எதிர்கால உயர்வு 40% சேர்த்தால் 21,000. சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு போக 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்குப் பெருக்கு எண் 15, ஆக 28,35,000. இறுதிச்சடங்கு முதலானவை இதற்கு மேல். உச்ச நீதிமன்றத்தின் 2009, 2017 தீர்ப்புகள் வகுத்த வழி இது. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டத் தயங்குபவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். தொகை குறைவதற்கு முக்கியக் காரணம் வருமானச் சான்று இல்லாமை. வங்கிக் கணக்கு, வரித்தாக்கல், கடைப் பதிவு எது இருந்தாலும் இப்போதே திரட்டுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

செக் மோசடி வழக்குதானே, யாரிடம் கொடுத்தாலும் ஒன்றுதானா?

கெடு தவறாதவரிடம் கொடுங்கள். செக் திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது. நோட்டீஸில் கேட்கும் தொகை செக் தொகையாகவே இருக்க வேண்டும். பாதிப் பணம் வாங்கிவிட்டு முழுத் தொகைக்கு செக்கைப் போட்டாலும் வழக்கு நிற்காது.

இப்போதைய வக்கீல் வாய்தாவுக்கே வருவதில்லை. மாற்றலாம் என்றால் வழக்குக் கட்டைத் தர மறுக்கிறார், ஃபீஸ் பாக்கி என்கிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று சொல்லிவிட்டது. ஆனால் ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்பது 2000-லேயே முடிவான விஷயம்.

முதலில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்: வழக்கு எண், அடுத்த வாய்தா, நீங்கள் கொடுத்த அசல் ஆவணங்களின் பட்டியல், இத்தனை நாளுக்குள் வழக்குக் கட்டையும், வேறு வக்கீல் வைக்க ஆட்சேபம் இல்லை என்ற என்.ஓ.சி.யும் தர வேண்டும் என்று. அவர் ஒப்புதல் தரவில்லை என்றால் புதிய வக்கீல் கோர்ட்டில் மனு போட்டு அனுமதி வாங்கலாம். கட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிராது, எதிருரை, ஆவண நகல்களைக் கோர்ட்டிலேயே நகல் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருக்கிறதா என்று இன்றே ஈ-கோர்ட்ஸில் பாருங்கள். ஆகியிருந்தால் அதை நீக்கும் மனுவுக்கு 30 நாள்தான். வக்கீல் மீதான புகாரை, வக்கீல்கள் சட்டம் 35-ஆம் பிரிவின்கீழ் மாநில பார் கவுன்சிலுக்கு, கடித நகலும் வாய்தாப் பட்டியலும் இணைத்து, நிதானமாகப் பிறகு அனுப்பலாம்.