385 யார்டு என்றால் எங்கிருந்து எங்கே?

கோல்ஃப் மைதானங்களை அளப்பது என் தொழில். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்தைத்தான் சொல்கின்றன: ஸ்கோர்கார்டில் ஒரு தூரம், அளக்கும் கருவியில் ஒரு தூரம், பந்து போகும் தூரம் இன்னொன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கள் கிளப்பில் நான்காவது ஹோல் (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து குழி வரையான ஆட்டப்பகுதி) 385 யார்டு என்று ஸ்கோர்கார்டில் இருக்கிறது. வளைவே இல்லாத நேர் ஹோல். டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில் நின்று, தூரம் அளக்கும் லேசரில் குழியில் நட்ட கொடியைப் பிடித்தால் 362தான் காட்டுகிறது. கார்டு தப்பா, லேசர் தப்பா?

இரண்டும் சரி. இரண்டும் அளப்பது வேறு வேறு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை, அவ்வளவுதான்.

அடுத்த முறை டீக்குப் போனதும் ஓரமாக நடந்து புல்லைக் காலால் விலக்கிப் பாருங்கள். தரைமட்டத்துக்குப் பதித்த ஒரு கல்லோ உலோகத் தகடோ இருக்கும். அதுதான் நிரந்தரக் குறி. நாங்கள் கருவியை வைத்து அளப்பது அதற்கு நேரே இருக்கும் புள்ளியிலிருந்து. நீங்கள் பந்தை வைக்கும் இடத்தைக் காட்டும் வண்ணக் குமிழ்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புல் தேயக் கூடாது என்பதற்காக மைதான ஊழியர்கள் அந்தக் குமிழ்களை முன்னும் பின்னும் மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்கள்.

மறுமுனையும் அப்படித்தான். கார்டில் உள்ள தூரம் குழி வரைக்கும் அளந்தது அல்ல, கிரீனின் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்வெளியின்) நடுப்புள்ளி வரைக்கும் அளந்தது. நாலேகால் அங்குல விட்டமுள்ள அந்தக் குழி அடிக்கடி இடம் மாறும். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 30 யார்டு இருக்கும் கிரீனில், கொடி நடுவிலிருந்து 10, 12 யார்டு முன்னால் வரலாம், பின்னாலும் போகலாம். உங்கள் விஷயத்தில் அன்றைக்குக் குமிழ்கள் 11 யார்டு முன்னால் இருந்து, கொடியும் நடுவுக்கு 12 யார்டு முன்னால் இருந்திருந்தால் கணக்கு முடிந்தது: 385-இல் 23 போனால் 362.

போட்டி நாட்களில் கொடி இடத்தைக் காட்டும் ஒரு தாள் தருவார்களே, அதை மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். அதில் 18, அதன் பக்கத்தில் 5 என்று இருந்தால், கொடி முன்விளிம்பிலிருந்து 18 யார்டு உள்ளே, பக்க விளிம்பிலிருந்து 5 யார்டு தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். கிரீனை நோக்கி அடிக்கும்போது கார்டைவிட இந்தத் தாள்தான் உதவும்.

வளைந்து போகும் ஹோலை எப்படி அளப்பீர்கள்? நேர்கோட்டிலா, வளைவோடு நடந்தா?

இரண்டும் இல்லை. டாக்லெக் எனப்படும் அந்த ஹோல்களில், ஆட்டம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வடிவமைத்தவர் நினைத்தாரோ அந்த வழியைத்தான் அளக்க வேண்டும். டீயிலிருந்து ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடையே வெட்டிய புல்பரப்பின்) நடுவில், பந்து விழும் இடத்தில் உள்ள திருப்புப் புள்ளிக்கு ஒரு நேர்கோடு. அங்கிருந்து கிரீனின் நடுவுக்கு இன்னொரு நேர்கோடு. இரண்டையும் கூட்டினால் ஹோலின் நீளம். வளைவு இரண்டு இருந்தால் திருப்புப் புள்ளியும் இரண்டு.

ஆகவே கார்டில் இருப்பது ஒரு பாதையின் நீளம். அந்தப் பாதையில்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புளோரிடாவில் பே ஹில் மைதானத்தின் ஆறாவது ஹோல் ஒரு பெரிய ஏரியைச் சுற்றி இடப்பக்கம் வளைகிறது. கார்டில் 555 யார்டு. 2021-இல் அங்கே நடந்த போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ வளைவை விட்டுவிட்டு நீரின் மேலேயே 370 யார்டு அடித்தார். கொடிக்கு மிச்சம் இருந்தது சுமார் 70 யார்டு. அவர் பந்துக்கு அந்த ஹோல் ஏறக்குறைய 440 யார்டுதான். கார்டு அதனால் பொய்யாகிவிடவில்லை. அது கரையோரப் பாதையின் நீளம். அவர் போனது நீர் வழி.

மேட்டிலிருந்து பள்ளத்தில் உள்ள கிரீனுக்கு அடிக்கும்போது அந்தச் சரிவையும் சேர்த்து அளப்பார்களா?

மாட்டார்கள். ஹோலின் நீளம் கிடைமட்ட அளவு. ஒரு வரைபடத்தில் மேலிருந்து பார்த்தால் எவ்வளவோ அவ்வளவு. நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு நாடாவைப் படுக்கவிட்டு அளந்தால் அது தப்பான அளவு.

லேசர் காட்டுவது கண்ணிலிருந்து கொடிக்குச் சாய்ந்து போகும் கோடு. அதனால்தான் கணக்குத் தப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். கிடைமட்டமாக 150 யார்டு, கிரீன் 15 யார்டு கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல பள்ளம், சுமார் நான்கு மாடி உயரம். சாய்வுக் கோட்டின் நீளம் 150.75 யார்டு. முக்கால் யார்டு வித்தியாசத்துக்கு யாரும் கிளப்பை (பந்தை அடிக்கும் மட்டையை) மாற்றப்போவதில்லை.

மாறுவது பந்து பறக்கும் தூரம். தரை கீழே இருப்பதால் பந்து இறங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் முன்னால் போய்விடுகிறது. தோராயமாக, எத்தனை யார்டு கீழேயோ அத்தனை யார்டைக் கழித்துக்கொள்ளுங்கள். மேட்டுக்கு அடித்தால் கூட்டுங்கள். மேலே சொன்ன ஹோலுக்கு 135 யார்டுக்கு அடிக்கும் கிளப் போதும்.

இந்தக் கழித்தல் கூட்டலைத் தானே செய்து சொல்லும் லேசர்கள் கடையில் கிடைக்கின்றன. பழக வாங்கலாம், தப்பில்லை. ஆனால் விதிப்படி ஆடும் சுற்றில் அந்த வசதியை அணைத்தே வைக்க வேண்டும். 2019 முதல் விதிகள் தூரத்தை அளக்க அனுமதிக்கின்றன (உள்ளூர் விதி தடுக்காதவரை). உயர வித்தியாசத்தை அளக்க அனுமதிப்பதில்லை. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் முதல் தடவைக்கு ஸ்கோரில் இரண்டு அடி கூட்டும் தண்டனை, மறுபடி செய்தால் வெளியேற்றம். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் அந்தப் பொத்தானை அணைக்க மறந்து நல்ல ஸ்கோரை இழந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் டீயிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

சிவப்பு, வெள்ளை, நீலக் குச்சிகள் எதைக் குறிக்கின்றன?

பெரும்பாலான இடங்களில் முறையே 100, 150, 200 யார்டு, கிரீனின் நடு வரைக்கும். சில கிளப்புகளில் முன்விளிம்பு வரைக்கும் அளந்திருப்பார்கள், கேடியிடம் (பை சுமக்கும் உதவியாளரிடம்) ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் ஆடப் போனால் குச்சிகள் மீட்டரில் இருக்கும். 150 மீட்டர் என்பது 164 யார்டு. ஒரு கிளப்புக்கு மேலேயே வித்தியாசம்.

பார் எவ்வளவு என்பதைத் தூரம்தான் முடிவு செய்கிறதா?

பெரும்பாலும் ஆமாம். பார் என்பது ஒரு ஹோலை முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு ஆகும் என்று எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கை. ஆண்களுக்கு 260 யார்டு வரை பார் 3, 240 முதல் 490 வரை பார் 4, 450 முதல் 710 வரை பார் 5. பெண்களுக்கு 220 வரை பார் 3, 200 முதல் 420 வரை பார் 4, 370 முதல் 600 வரை பார் 5. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது வேண்டுமென்றே செய்தது. 470 யார்டு ஹோல் செங்குத்தாக ஏறினால் பார் 5 ஆகலாம், இறங்கினால் பார் 4.

சென்னையில் 150 யார்டுக்கு 7 அயன் என்ற கிளப் எனக்குச் சரியாக இருக்கும். ஊட்டியில் அதே அடி கிரீனைத் தாண்டிப் போய்விட்டது. ஊட்டியில் தூரத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறார்களா?

யார்டு எல்லா ஊரிலும் யார்டுதான். மாறியது காற்று. ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கும் காற்று குறைவதால் அது தூரம் போகிறது. பந்தைத் தூக்கிப் பிடிக்கும் காற்றும் குறைவுதான், அதனால் தாழப் பறந்து, விழுந்த பிறகும் ஓடும். குளிர் இதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், முழுவதையும் அல்ல.

அமெரிக்காவின் கொலராடோவில் காஸில் பைன்ஸ் மைதானம் ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. 2024-இல் அங்கே நடந்த பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறை) போட்டிக்கு 18 ஹோலுக்கும் சேர்த்து 8,130 யார்டு வைத்தார்கள். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆடியவர்களுக்கு அது அவ்வளவு நீளமாகத் தெரிந்திருக்காது.

கார்டில் இந்தத் திருத்தம் இருக்காது. மைதானம் எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்ணான கோர்ஸ் ரேட்டிங்கில் இருக்கும். உயரம், ஏற்ற இறக்கம், பந்து உருளும் தன்மை, வழக்கமாக அடிக்கும் காற்று எல்லாவற்றையும் அங்கேதான் கணக்கில் எடுப்பார்கள்.

லேசர் வாங்க வசதியில்லை. காலடியால் அளந்தால் போதுமா?

தாராளமாகப் போதும், உங்கள் காலடி எவ்வளவு என்று தெரிந்திருந்தால். 150 குச்சியிலிருந்து 100 குச்சிக்கு எப்போதும் நடப்பது போல நடந்து எண்ணுங்கள். 50 வந்தால் உங்கள் காலடி ஒரு யார்டு. பெரும்பாலானவர்களுக்கு 60 பக்கம் வரும். அப்படியானால் 12 காலடிக்கு 10 யார்டு. ஓர் ஓரமாக, பின்னால் ஆடுபவர்களைக் காக்க வைக்காமல், இரண்டு மூன்று முறை நடந்து பாருங்கள். காலை எட்டிப் போட்டு யார்டாக்க முயலாதீர்கள், பத்தாவது ஹோலில் கால் களைத்ததும் அந்த அளவு சுருங்கிவிடும்.