அம்மா அப்பாவோடு அமெரிக்கா சுற்ற எந்த மோட்டார்ஹோம்?

டல்லாஸில் இருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: வீட்டில் அவரும் மனைவியும், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் வலி. யெல்லோஸ்டோன், கிளேசியர், சயான் என்று தேசியப் பூங்காக்கள் எல்லாம் நால்வருமாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஷோரூமில் 40 அடி மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்றைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறதாம், வாங்கலாமா?

வேண்டாம். 33 முதல் 35 அடிக்குள், மூன்று நான்கு வருடம் ஓடிய டீசல் புஷர் (டீசல் இன்ஜின் பின்னால் இருக்கும் பெரிய மோட்டார்ஹோம்) ஒன்றைத் தேடுங்கள்.

டீசலை நான் வற்புறுத்துவது அம்மாவை நினைத்துத்தான். பஸ் வடிவில் இருக்கும் கிளாஸ் ஏ வண்டி பெட்ரோலில் ஓடுவதாக இருந்தால் இன்ஜின் முன்னால், டிரைவர் காலடியிலேயே இருக்கும். மேடு ஏறும்போது அது போடும் சத்தத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவதே கேட்காது. புஷரில் இன்ஜின் பின்னால் போய்விடுகிறது, ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால் ரோட்டுப் பள்ளம் முதுகில் வந்து இடிப்பதில்லை, மலை இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கப் போகிறவருக்கு இதெல்லாம் பெரிய விஷயம் (வண்டி ஓடும்போது பெட்டில் படுத்துக்கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது ஆபத்து). வேன் முகப்போடு வரும் கிளாஸ் சி வண்டி விலை குறைவுதான். ஆனால் அதில் ஒரு படுக்கை டிரைவர் தலைக்கு மேலே இருக்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். பெரியவர்களால் முடியாது, அங்கே நீங்கள்தான் படுக்க வேண்டியிருக்கும்.

புஷரில் ஒரு குறை உண்டு, தரை உயரம். வாசல் படிகள் செங்குத்தாக இருக்கும். அதனால் முன்பணம் கொடுக்கும் முன் அம்மாவையே கூட்டிக்கொண்டு போய் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கைப்பிடி அவர் கைக்கு எட்டுகிறதா, ராத்திரி படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கு யாரையும் தாண்டாமல் போக முடிகிறதா, ஸ்லைட் அவுட்டை (வண்டி நின்றதும் வெளியே தள்ளி இடத்தை அகலமாக்கும் பகுதி) உள்ளே இழுத்த பிறகும் பாத்ரூம் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் பார்ப்பதில்லை. ஷோரூமில் எல்லா ஸ்லைடையும் வெளியே தள்ளித்தான் காட்டுவார்கள். வழியில் பத்து நிமிஷம் நிறுத்தும்போது அப்படி இருக்காது.

அப்புறம் எடை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. தண்ணீரும் அதில்தான் சேரும். ஒரு கேலன் 8.3 பவுண்டு, 75 கேலன் டேங்க் நிரம்பினால் 620 பவுண்டுக்கு மேல். நான்கு பேர் ஒரு 600. ஆக அரிசி, பருப்பு, குக்கர், பெட்டி எதுவும் ஏற்றாமலே 1,200 போய்விட்டது. என் முதல் வண்டியில் லேபிளைப் படிக்காமல் வாங்கிவிட்டு, லாரிகளை எடை போடும் இடத்தில் நிறுத்திப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. உங்கள் நால்வருக்கு லேபிளில் உள்ள அளவு 2,500 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் சோபா எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நீளத்துக்கு வருவோம். கிளேசியரில் கோயிங்-டு-தி-சன் ரோட்டின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. சயானில் மவுண்ட் கார்மல் சுரங்கம் 1930இல் திறந்தது, 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமுள்ள வண்டி அதில் தன் லேனுக்குள் போக முடியாது. புஷர்கள் பெரும்பாலும் 12 அடியைத் தாண்டும், அதனால் அந்த வழியைத் திட்டத்தில் சேர்க்காமல் ஸ்பிரிங்டேல் ஊர்ப் பக்கமாகவே வாருங்கள். அப்படியானால் 35 அடி மட்டும் எதற்கு என்று கேட்பீர்கள். பூங்காக்களுக்குள் இருக்கும் பழைய கேம்ப்கிரவுண்டுகளில் 40 அடிக்கு இடம் கிடைப்பது கஷ்டம், 35க்குள் என்றால் கொஞ்சம் வழி பிறக்கும். பின்னால் ஜீப் ராங்லர் மாதிரி நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகக்கூடிய கார் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய வண்டியைக் கேம்பில் விட்டுவிட்டு மலைக்கு அதில் போகலாம்.

கேம்பில் செருகி எடுக்கும் கரண்ட் 50 ஆம்ப் வகையாக இருக்கட்டும். 30 ஆம்ப் என்றால் 3,600 வாட்தான், டெக்சாஸ் வெயிலுக்கு இரண்டு ஏசி ஓட்ட முடியாது. 50 ஆம்பில் 12,000 வாட் வரை கிடைக்கும். ஆனால் யெல்லோஸ்டோனுக்குள் கரண்ட் கனெக்‌ஷன் உள்ள கேம்ப் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். மற்ற இடங்களில் ராத்திரி ஜெனரேட்டர் போட விடமாட்டார்கள், ஏரிப் பக்கமோ 7,700 அடி உயரம், ஜூலையிலும் குளிரும். கேஸ் ஹீட்டரின் ஃபேன் பேட்டரியில் ஓடுகிறது, எனவே நல்ல லித்தியம் பேட்டரிக்குச் செலவு செய்யுங்கள். டிவி சின்னதாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

சமையலுக்கு ஒன்றே ஒன்று பாருங்கள்: அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபேன் புகையை வெளியே தள்ளுகிறதா, உள்ளேயே சுற்ற விடுகிறதா? சுற்ற விட்டால் ஒரு தாளிப்புக்கே அலாரம் அலறும், மிளகாய் நெடி மெத்தையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய வண்டி என்பதால் டீலருக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆய்வாளரை வைத்துப் பார்த்து வாங்குங்கள். கூரை ஓரங்கள், ஸ்லைட் ரப்பர்கள், சுவர் எங்காவது உப்பியிருக்கிறதா என்று அவர் பார்ப்பார். டயரை நீங்களே பார்க்கலாம். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் ஆறேழு வருடமான டயரை மாற்றத்தான் வேண்டும், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

லைசென்ஸையும் மறக்காதீர்கள். வண்டியின் அதிகபட்ச எடை மதிப்பு 26,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் டெக்சாஸில் சாதாரண லைசென்ஸ் போதாது, கிளாஸ் பி லைசென்ஸ் வேண்டும் (மேலே சொன்ன வண்டி வகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). சொந்த உபயோகத்துக்கு கமர்ஷியல் லைசென்ஸ் தேவையில்லை, ஆனாலும் டெஸ்ட் உண்டு. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.